வழிந்த கோடு

இரண்டு வருடமாக ஆறாத புண்ணுக்கு மேல் மாவுக்கட்டுப் போட்டு, மூன்று வாரம் கழித்துப் பிரித்தார் டாக்டர் நிலோபர். வடிவாம்பாளின் கெண்டைக்காலில் புதுத்தோல் மூடியிருந்தது. கணவர் பொன்னம்பலம் டாக்டரைக் கைகூப்பிக் கும்பிட்டுவிட்டார்.

டாக்டர் அவரை மட்டும் வெளியே அழைத்துப் பழைய போட்டோவைக் காட்டினார். புண்ணிலிருந்து பாதத்தை நோக்கி மெல்லிய கோடு ஒன்று இறங்கியிருந்தது.

"தோலைப் பொசுக்குற எருக்கம்பால் வழிஞ்ச தடம் இது. யாரோ தினம் ஊத்தியிருக்காங்க. மாவுக்கட்டுக்குள்ள கை போக முடியல, ஆறிடுச்சு."

"தினம் நான்தானேம்மா கழுவிக் கட்டுறேன்..."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. டாக்டர் அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பியும் பொன்னம்பலம் மனைவியிடம் எதுவும் கேட்கவில்லை. பல வருடங்களாகவே அவர்களுக்குள் பேச்சு குறைவு. புண்ணுக்குக் கட்டு மாற்றும் அந்த அரைமணி நேரம்தான் அவள் ஏதாவது கேட்பாள், அவரும் ஊர்க்கதை சொல்வார். மாவுக்கட்டுப் போட்ட நாளிலிருந்து அதுவும் இல்லை.

நான்காம் நாள் சாயங்காலம் உள்ளேயிருந்து குரல் வந்தது. "வெந்நி வச்சிருக்கேன், வாங்க."

கட்டிலில் உட்கார்ந்து, சேலையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, வடிவாம்பாள் இன்னொரு காலை நீட்டியிருந்தாள். புதுப் புண் ஒன்றிலிருந்து பாதம்வரை சிவப்பாக ஒரு கோடு வழிந்திருந்தது. பக்கத்தில் பஞ்சும் துணியும் தயாராக இருந்தன.

"இன்னைக்கு என்ன சேதி?" என்றாள்.