சுவர்ணாவின் முதல் ரசிகை

கரவெட்டிக்குக் குடிவந்த நாளிலிருந்து சுவர்ணா பின்னேரங்களில் கதவைச் சாத்திக்கொண்டு டியூபாவில் ஜாஸ் பழகினாள். அந்தப் பெரிய பித்தளை ஊதுகுழலின் முழக்கம் மட்டும் கதவுக்குள் அடங்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, பக்கத்து வளவுப் பஞ்சலிங்கம் படலையில் வந்து நின்றார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே அவள் வெளியே வந்தாள்.

“தங்கச்சி, ஒவ்வொரு பின்னேரமும் கேக்கிறனான். என்ன கம்பீரம்! ஊர்ச் சாதியில்லைப் போல?”

அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது. “அமெரிக்கா, அண்ணை!”

“அதுதானே பாத்தன்! அந்தச் சத்தம் கேட்டால் எங்கடை வள்ளி ஒரு இடத்திலை நிக்கிறாளில்லை. கையோடை கூட்டிக்கொண்டு வந்திட்டன்.”

“ஐயோ, உள்ளை வரச் சொல்லுங்கோ!”

பஞ்சலிங்கம் கயிற்றைப் பிடித்து இழுத்தார். வெள்ளைப் பசுவொன்று படலைக்குள் தலையை நீட்டியது.

“உங்கடை நாம்பன் காளை எங்கை நிக்குது, தங்கச்சி?”