குங்குமப்பூ பூசிய கழுத்து

அபுதாபி பாலைவனத்தில் ஒட்டக அழகுப் போட்டி முடிகிறது. கார்கள் விடாமல் ஹாரன் அடிக்க, ஜெயித்த ஒட்டகத்தின் கழுத்தில் வெற்றி அடையாளமாகக் குங்குமப்பூக் குழம்பை அள்ளிப் பூசுகிறார்கள். மாலை வெயிலில் அது ஈரமாகப் பளபளக்கிறது. கயிற்றைப் பிடித்தபடி பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான் சேதுராசு. வேலியோரம் நிற்கும் முனியசாமிக்கு வயிறு எரிகிறது. அந்த ஒட்டகத்தைக் குட்டியிலிருந்து புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவன் இவன். போன வருஷம்தான் இவனுடைய அரபு முதலாளியான கபீல் அதைச் சேதுராசுவின் முதலாளிக்கு விற்றார். தீவனம் போட்டதைத் தவிர அவன் என்ன கிழித்தான்? “ஏ பொன்னாத்தா!” அடக்கமாட்டாமல் கூப்பிடுகிறான். ஒட்டகத்தின் காதுகள் திரும்புகின்றன. கயிற்றோடு சேதுராசுவையும் இழுத்துக்கொண்டு வந்து, முனியசாமியின் தோளில் கழுத்தைத் தேய்க்கிறது. சேதுராசுவின் சிரிப்பு நின்றுபோகிறது. “அண்ணே, அதுக்கு இப்ப அந்தப் பேரு இல்ல. தள்ளி நில்லுங்க.” முனியசாமி தள்ளி நிற்கிறான். அவன் சட்டையில் அப்பியிருக்கும் குங்குமப்பூ மஞ்சளையே வெறித்துப் பார்க்கிறான் சேதுராசு.