இளையவளின் குப்பி

மருத்துவர் கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பி, கிருமி இருப்பது உறுதியாகிவிட்டது என்றார்.

கொழுந்தன் தன் மனைவியின் கையைப் பற்றிக்கொண்டான். அடுத்த நாற்காலியில் இருந்த மூத்த மருமகளுக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

ஒரு வருடமாகக் கொழுந்தனின் அந்தக் கைதான் இளையவளுக்கு வெந்நீர்ப் பை நிரப்பித் தருகிறது. எத்தனை முறை சிறுநீரைச் சோதித்தும் ஒன்றுமில்லை என்றே வந்தது. ஆனாலும் அவள் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டால் போதும், வீட்டில் தொலைக்காட்சியின் சத்தம் குறைந்துவிடும். மாமியார் அவளை அடுப்பங்கரைப் பக்கமே விடுவதில்லை.

மூத்தவளுக்கு இரும்பு உடம்பு என்று எல்லோரும் என்றோ முடிவு செய்துவிட்டிருந்தார்கள். நீர் போகும்போது எரிச்சல் எந்தப் பெண்ணுக்குத்தான் இல்லை? இரவில் அவளும்தான் நாலைந்து தடவை எழுகிறாள். எழுந்த கையோடு பால் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து படுத்துக்கொள்கிறாள். ஏன் எழுந்தாய் என்று ஒருவரும் கேட்டதில்லை.

வழக்கமான சோதனையில் வளர்ந்து காட்டாத கிருமிகளும் உண்டு, இந்தப் புதிய சோதனை அவற்றின் மரபணுவையே எழுத்தெழுத்தாகப் படித்துவிடும் என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார்.

சென்ற முறையும் இதையே சொல்லியிருந்தார். அதைக் கேட்ட பிறகுதான், இளையவளின் சிறுநீர்க் குப்பியை ஆய்வகத்தில் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாக மூத்தவள் முன்வந்தாள்.

"டாக்டருங்களே நம்பாதப்ப நீங்கதான்க்கா எனக்காக அலைஞ்சீங்க," என்று இளையவள் கண்கலங்கினாள்.

மூத்தவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

மருத்துவரின் குரல் இளகியது. "எப்படிம்மா இத்தனை நாள் இதைத் தாங்குனீங்க?"

கல்யாணமாகி வந்த நாள்முதல், யாராவது தன்னிடம் கேட்க மாட்டார்களா என்று மூத்தவள் காத்திருந்த கேள்வி அது. பதில் சொல்ல அவள் வாய் தானாகவே திறந்தது.

மருத்துவர் இளையவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆய்வகத்துக் கழிப்பறையில் இளையவளின் குப்பியைக் கொட்டி, அலம்பி, தன் சிறுநீரை நிரப்பிக் கொடுத்தபோது, இம்முறையும் ஒன்றுமில்லை என்று வந்தால் இவள் நாடகம் அத்தோடு முடிந்தது என்றே மூத்தவள் நினைத்திருந்தாள்.

மருந்துச் சீட்டில் இளையவளின் பெயர் எழுதப்பட்டது. கொழுந்தன் அதைப் பத்திரமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

வீட்டில் எல்லாம் அவளுக்கே போவதுபோல, தன் நோயும் அவளுக்கே போய்விட்டதே என்றுதான் மூத்தவளுக்கு முதலில் தோன்றியது.