தூதுவர் சிவிங்கிப்புலி

அதிபருக்கு வெளிநாட்டு ராஜா பரிசாகக் கொடுத்த சிவிங்கிப்புலி, மாளிகை வேலியைத் தாண்டி வந்து என் சினையாட்டை அடித்துவிட்டது. என் நாய் செவலைதான் அதன் காதைக் கடித்துத் துரத்தியது. உடனே போலீஸ் ஜீப் வந்தது. ஆட்டுக்கு நியாயம் சொல்ல வருகிறார்கள் என்று நம்ப எனக்கென்ன கிறுக்கா? வந்ததும் செவலையைச் சங்கிலியில் கட்டினார்கள்.

"பெருசு, புலிக்குத் தூதர் அந்தஸ்து இருக்கு. அது மேல கேஸ் கிடையாது. அதைக் கடிச்சா அந்த நாட்டையே கடிச்ச மாதிரி. நாய்க்கு ஊசி போட்டுக் கொன்னுடச் சொல்லி உத்தரவு" என்றார் இன்ஸ்பெக்டர்.

"செத்த என் ஆடு எந்த நாடுய்யா?"

இன்ஸ்பெக்டர் ஜீப்பில் ஏறினார். நான் ஜீப்புக்குக் குறுக்கே உட்கார்ந்தேன்.

"நாய அவுத்து விடு. நான்தான் கடிச்சேன்னு எழுதிக்க. பல்லு நாலுதான் மிச்சம். உன் அதிபரக் கூட்டிட்டு வா, போதுமான்னு கடிச்சே காட்டுறேன்."