முதலில் பார்த்த முகம்

கேமிங் லேப்டாப் வந்து இறங்கியதும், அம்மா அதை மாலை போட்ட அப்பா படத்துக்கு முன்னால் திறந்துவைத்துக் கும்பிட்டுவிட்டாள். முதலில் பார்க்கும் முகத்தைத்தான் அது உரிமையாளராக எடுத்துக்கொள்ளும். நான் ஆட வேண்டிய ஆன்லைன் இறுதிப் போட்டிக்கு ஒன்பது நிமிடம் இருந்தது.

"உரிமையாளர் கோபமாக இருக்கிறார். தணிந்ததும் விளையாடலாம்," என்றது லேப்டாப்.

"உயிரோட இருந்தப்பவும் இதேதான்!" என்று கத்தினேன்.

"இருடி, சிரிச்ச மாதிரி படம் ஒண்ணு காட்டுவோம்," என்று அம்மா ஆல்பத்தைப் புரட்டினாள். கல்யாணத்தில், என் காதுகுத்தில், எல்லாவற்றிலும் அப்பா முறைத்துக்கொண்டே நின்றார். இன்னும் மூன்று நிமிடம்.

பின்னட்டைக்குள் ஒளித்திருந்த ஒரு படத்தில் மட்டும் வாய்விட்டுச் சிரித்தார், யாரோ ஒரு பெண்ணின் தோளில் கைபோட்டபடி.

அம்மா அந்தப் பெண்ணின் முகத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, படத்தைக் கேமராவுக்கு நேரே நீட்டினாள்.

"ம், ஆடு."