பன்னிரண்டு புள்ளி மூன்று

பேட்டரியில் வைத்த வோல்ட் மீட்டரில் மறுபடியும் பன்னிரண்டு புள்ளி மூன்றுதான் காட்டியது.

"எவ்ளோடா?" என்று ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே அம்மா கேட்டார்.

"அதேதான்மா."

இன்ஜின் ஓடும்போது குறைந்தது பதினான்கு வோல்ட் வர வேண்டும். வந்தால் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுகிறது என்று அர்த்தம். வராவிட்டால் கார் பாதி வழியில் படுத்துவிடும். இருபத்தெட்டு வருடமாக ஈப்போவில் கார் பட்டறையில் குப்பை கொட்டுகிறேன். பெற்ற அம்மாவின் பழைய டட்சன் என்னைப் பார்த்துப் பல்லிளிக்கிறது.

போன ஞாயிறு வரை ஒழுங்காக ஓடிய கார். பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரில் கிரீச்சென்று சத்தம் வருகிறது என்றார் அம்மா. வியாழக்கிழமை அதைக் கழற்றி, பேரிங் மாற்றி, துடைத்துத் திரும்பப் பூட்டினேன். சத்தம் நின்றது. கூடவே சார்ஜும் நின்றது.

வெள்ளிக்கிழமை பாசாரில் கார் செத்துவிட்டது. மீன் கடைக்காரர்கள்தான் தள்ளிவிட்டார்களாம். அதைச் சொல்லும்போது அம்மா முகத்தைத் தூக்கவே இல்லை.

இன்று விடிந்ததிலிருந்து இதே கூத்து. பானட்டுக்குள் குனியும்போதெல்லாம் கருகிய எண்ணெய் வாடையும் எலிப் புழுக்கை நாற்றமும் சேர்ந்து மூக்கை அடைத்தன. பெல்ட்டை இறுக்கினேன். ஃபியூஸைக் கழற்றிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. எர்த் ஒயரில் இருந்த துருவைச் சுரண்டினேன். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. என் வேர்வை எனக்கே நாறியது.

நாளை ஞாயிறு.

அப்பா போன பிறகு ஒரு ஞாயிறும் அம்மா தவறவிட்டதில்லை. இந்த டட்சனில் தனியாக ஆயர் தாவாருக்குப் போய்விடுவார். அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் அவருடைய அக்கா, புனிதா பெரியம்மா, படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். மற்ற நாளெல்லாம் யார் ஊட்டினாலும் பாதியைத் துப்பிவிடுவார். அம்மா ஊட்டினால் மட்டும் தட்டு காலியாகும்.

நான் கூட்டிப்போகிறேன் என்று சொல்லாத வாரம் இல்லை. கூட்டிப்போனது இரண்டு தடவை. ஞாயிறன்று பட்டறையில் கூட்டம் என்பதெல்லாம் சாக்கு. அந்த இல்லத்து மூத்திர வாடை எனக்கு ஆகாது, அவ்வளவுதான். சொல்லவே அசிங்கமாக இருக்கிறது.

என்னோடு வேலை செய்யும் சுகுமாரனுக்குப் போன் போட்டேன். அம்மாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன்.

"உள்ளுக்கு ரெகுலேட்டர் போயிருக்கும் மச்சான். இந்தக் காடிக்கு இனிமே சாமான் எங்க கெடைக்கும்? வித்துருலா" என்றான்.

அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கோப்பெங் பக்கம் ஒரு தோட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளின் வேனை ஓட்டியவர். வேன் மக்கர் செய்தால் யார் வாசலிலும் போய் நிற்காமல் தானே பிரித்துப் பூட்டியவர்.

"சாவி போட்டா மொதல்ல அந்த பேட்டரி செவப்பு லைட்டு எரியணுமேடா. அதுவே எரியலயே?"

"பல்பு போயிருக்கும்மா."

இன்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். காரின் இடது முன்மூலையைப் பிடித்துக்கொண்டே சுற்றி வந்தார். அங்கே ஒரு கீறல். இரண்டு வாரத்துக்கு முன் பக்கத்து வீட்டுக் கார்த்திகேசுவின் பேத்தியைச் சைக்கிளோடு இடித்த இடம். பிள்ளைக்கு முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று. "எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியலடா" என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

டார்ச்சை நீட்டினேன். வாங்கவில்லை. முழங்கை வரை உள்ளே விட்டு ஆல்டர்னேட்டரின் பின்பக்கத்தைத் தடவினார். எனக்குத் தொடவே பிடிக்காத அந்தப் பிசுக்கில் அவருடைய விரல்கள் ஒயரைப் பிடித்தபடி மெதுவாகப் போய், பிளக் வந்ததும் நின்றன.

நீட்டிய டார்ச்சை மெதுவாக அணைத்தேன்.

அந்த பிளக்கில் இரண்டு ஒயர். சிவப்பு லைட்டுக்கும் சார்ஜுக்கும் உயிரான மெல்லியதை வெளியே இழுத்து, கறுப்பு டேப் சுற்றி, கண்ணுக்குத் தெரியாதபடி மடக்கி வைத்திருந்தேன். வியாழக்கிழமை, அம்மா குளிக்கப் போன நேரத்தில். அம்மாவுக்கு இரண்டு ஓரப் பார்வையும் போய்விட்டது, இனிமேல் ஓட்டவே கூடாது என்று கண் டாக்டர் என்னிடம்தான் சொன்னார். அதை அம்மாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒயரைப் பிடுங்கக் கை வந்தது. என்ன பிறவியோ நான்.

அம்மாவின் கட்டைவிரல் டேப்பின் முனையைத் தேடிப் பிடித்தது. பக்கத்தில் நின்ற என்னைப் பார்க்க, முழுத் தலையையும் திருப்ப வேண்டியிருந்தது அவருக்கு. கொஞ்ச நேரம் பார்த்தார்.

பிறகு, கிளம்பிய முனையை மறுபடி அழுத்தி ஒட்டிவிட்டுக் கையை வெளியே எடுத்தார்.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கார்த்திகேசு எட்டிப் பார்த்தார். "என்னாக்கா, சரியாயிருச்சா?"

"எங்க தம்பி, ஆல்டர்னேட்டரே போச்சு. இவனும் காலையிலேருந்து படாத பாடு படுறான், பாவம். பேசாம வித்துற வேண்டியதுதான்லா."

என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார். குழாய்த் தண்ணீர் ரொம்ப நேரம் ஓடியது. அதன் பிறகு இல்லத்துப் பெண்ணிடம் போனில் பேசுவது வாசல்வரை கேட்டது.

"நாளைக்கி நான் வரல தங்கச்சி. நீங்களே கொஞ்சம் ஊட்டிப் பாருங்க. துப்புனாங்கன்னா கோவிச்சுக்காதீங்க."

நான் கூட்டிப்போவேனா என்று என்னிடம் ஒரு வார்த்தை அவர் கேட்கவில்லை.