மகராசி கொடுத்த மண்ணெண்ணெய்

“கேஸ் வச்சிருக்க கார்டுக்கு மண்ணெண்ணெய் கிடையாதுன்னு எத்தனை தடவை சொல்லுதது?” ரேஷன் கடைக்காரர் கார்டைத் திருப்பித் தள்ளினார்.

“சுள்ளி பொறுக்கிப் பொங்குத குடிசைல கேஸ் எங்கன இருக்கு அண்ணாச்சி? வந்துதான் பாருங்களேன்!”

“முத்திரை குத்தியிருக்குல்லா. போம்மா, பின்னால ஆளு நிக்காங்க.”

எழுத்துக்கூட்டத் தெரியாத மாடத்தி, காலி டின்னோடு தான் வேலை பார்க்கும் அப்பள வீட்டுக்கு வந்தாள். கல்லிடைக்குறிச்சியில் எட்டு வருஷமாக அவளுக்கு அங்கேதான் பிழைப்பு.

“ஆபீஸ்காரனுவளுக்கு ஏழைன்னாலே இளக்காரம்!” முதலாளியம்மா காந்திமதி பொரிந்து தள்ளினாள். “தப்பா முத்திரையக் குத்திட்டு உன்னைய அலைய விடுதானுவ பாரு. அழாத. எங்க கார்டுக்கு வாங்குனதுல ரெண்டு லிட்டர் ஊத்திக்கோ.”

மாடத்திக்குக் கண் கலங்கியது. மாதாமாதம் கொடுக்கிற கை. போன வருஷம், தொழிலாளர் நல அட்டை எடுத்துத் தருகிறேன் என்று அவள் ரேஷன் கார்டை வாங்கிக்கொண்டு ஒரு வாரம் அலைந்ததும் இதே மகராசிதான். அட்டைதான் இன்னும் வந்து சேரவில்லை.

“நீங்க நல்லாயிருக்கணும்மா.”

அடுப்பில் இருந்த பாலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு காந்திமதி குளிக்கப் போனாள்.

வாசலில் சைக்கிள் மணி அடித்தது. சிலிண்டரை இறக்கி வைத்தவன் வேலைக்குப் புதுசு போலிருக்கிறது. ரசீதைப் பார்த்துக் கேட்டான்.

“மாடத்தி, புருசன் பேரு சுடலைமுத்து. இந்த வீடுதான? அவங்களைக் கூப்பிடுங்க, கையெழுத்துப் போடணும்.”

மாடத்தி கையிலிருந்த டின்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

குளியலறையிலிருந்து காந்திமதியின் குரல் கனிவாக வந்தது.

“மாடத்தி, டின்னு நெறைய ஊத்திக்கிட்டியா தாயி?”